மாத்திரையால் கெடும் கல்லீரலும் கீழாநெல்லிப் பயிரும்

நிலக்கடலை வயலில் களை எடுக்கும் பெண்கள், பிடுங்கிய களையை எல்லாம் வரப்பில் வீசிவிட்டு ஒரு செடியை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வதைப் பல ஊர்களில் பார்க்கலாம். உயரம் ஒரு சாண் இருக்கும். இலை புளிய இலையைப் போன்றது. கிளையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் கடுகைவிடச் சற்றே பெரிய காய்கள், நெல்லிக்காயைச் சுருக்கி வைத்தாற்போல் வரிசையாகத் தொங்கும். அதுதான் கீழாநெல்லி. ஊரில் யாருக்காவது கண் மஞ்சளித்தால் இதை வேரோடு அரைத்து மோரில் கலந்து கொடுப்பது தலைமுறைகளாக வரும் வழக்கம்.

காமாலைக்குக் கைகண்ட மருந்து என்று பெயர் பெற்ற இச்செடியை ஆராய்ச்சியாளர்கள் அண்மைக் காலத்தில் இன்னொரு நோக்கத்துடனும் ஆராய்ந்து வருகின்றனர். நோயைத் தீர்ப்பதற்காக உட்கொள்ளும் மருந்துகளே சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்துவிடுகின்றன. அக்கேட்டைத் தடுக்க மூலிகைச் சாறுகள் உதவுமா என்பதே கேள்வி. இதில் உழவர்களுக்கு இருவகைத் தொடர்பு உண்டு. மாத்திரை விழுங்குபவரும் அவர்தான். மூலிகையைப் பயிரிட்டு விற்க வேண்டியவரும் அவர்தான்.

வலி மாத்திரை செய்யும் வினை

நாற்று நடவு, கரும்பு வெட்டு, மூட்டை தூக்கல் என்று நாள் முழுவதும் உழைத்தபின் உடல் வலி தாங்காமல் பெட்டிக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவோர் பலர். இவற்றில் பெரும்பாலும் இருப்பது பாராசிட்டமால். அளவோடு உண்டால் இது நல்ல மருந்து. வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரையில் எட்டுக்கு மேல் உட்கொள்ளக் கூடாது. மது அருந்துவோர், உடல் மெலிந்தோர், இரண்டு மூன்று நாள் சரியாக உண்ணாதோர் ஆகியோருக்கு இந்த அளவே மிகுதி. அவர்கள் மருத்துவரைக் கேட்டுக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

உண்ட பாராசிட்டமாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கில்லாத பொருளாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. சிறு பகுதி மட்டும் கடுமையான நஞ்சாக மாறுகிறது. இந்த நஞ்சைப் பிடித்துக் கட்டிப்போடக் கல்லீரல் அணுக்களில் குளுடாதயோன் என்ற பொருள் இருக்கிறது. வரப்பில் எலி வளை வழியே நீர் கசியும்போது உழவர் ஒரு கை களிமண்ணை எடுத்து அடைப்பதைப் போன்றது இது. வளை ஒன்றிரண்டு என்றால் கையில் உள்ள மண் போதும். ஒரே நேரத்தில் இருபது வளை திறந்துகொண்டால் மண் தீர்ந்து வரப்பே உடைந்துவிடும். மாத்திரை மிகுந்தபோது குளுடாதயோன் தீர்ந்து, நஞ்சு அணுக்களைத் தாக்குகிறது. மதுவும் பட்டினியும் களிமண்ணை முன்கூட்டியே குறைத்துவிடுகின்றன.

மிகுதியான பாராசிட்டமாலால் கல்லீரல் அழியும் என்ற செய்தி 1966-ஆம் ஆண்டில் பிரிட்டனில் முதன்முதலாக மருத்துவ இதழில் வெளிவந்தது. இதற்கு முறிமருந்தும் உண்டு. அசிட்டைல் சிஸ்டீன் என்னும் அம்மருந்து, தீர்ந்துபோன குளுடாதயோனை உடல் மீண்டும் உண்டாக்கத் துணை செய்கிறது. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். இங்குதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. முதல் நாளில் வயிற்றுப் புரட்டலைத் தவிர வேறு தொந்தரவு இராது. சிலருக்கு அதுவும் இராது. கண் மஞ்சளிப்பது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான். அதுவரை காத்திருந்து கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதில் பயனில்லை. அளவு மீறி விழுங்கியது தெரிந்த உடனே, நோயாளி நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

சளி மாத்திரை, குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து ஆகியவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். வேறு வேறு பெயருள்ள மூன்று மருந்துகளை ஒரே நாளில் உண்பவர், தாம் ஒரே மருந்தை மூன்று முறை உண்கிறோம் என்பதை அறிவதில்லை. அட்டையில் உள்ள சிறிய எழுத்தைப் பள்ளி செல்லும் பிள்ளைகளைக் கொண்டாவது படிக்கச் செய்வது நல்லது.

எலிகளில் கண்டது

மூலிகைக்கு வருவோம். ஆய்வுக்கூடத்தில் இதைச் சோதிக்கும் முறை எளிது. வெள்ளெலிகளை மூன்று நான்கு கூட்டமாகப் பிரிப்பார்கள். ஒரு கூட்டத்துக்கு ஒன்றும் தருவதில்லை. இன்னொன்றுக்குப் பாராசிட்டமால் மட்டும் மிகுதியாகக் கொடுப்பார்கள். மற்றொன்றுக்குச் சில நாள் மூலிகைச் சாறு கொடுத்துவிட்டுப் பாராசிட்டமாலைக் கொடுப்பார்கள். பிறகு எல்லா எலிகளின் இரத்தத்தையும் சோதிப்பார்கள். கல்லீரல் அணுக்கள் உடைந்தால் அவற்றினுள் இருக்கும் சில நொதிகள் இரத்தத்தில் கலந்து மிகும். சாறு உண்ட எலிகளில் இந்த நொதிகள் குறைவாக இருந்தால் அச்சாறு கல்லீரலைக் காத்தது என்று பொருள்.

இந்தச் சோதனையில் கீழாநெல்லி, நிலவேம்பு, கரிசலாங்கண்ணி ஆகிய மூன்றும் பலமுறை தேறியுள்ளன. மூன்றும் நம் வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் கிடைப்பவை. நிலவேம்பில் ஆண்ட்ரோகிராபோலைடு என்ற கசப்புப் பொருளும், கரிசாலையில் வெடலோலாக்டோன் என்ற பொருளும், கீழாநெல்லியில் பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் என்ற இரு பொருள்களும் இக்காவலுக்குக் காரணமாகக் கருதப்படுகின்றன. கீழாநெல்லியின் இவ்விரு பொருள்களும் தனியே வளர்த்த எலிக் கல்லீரல் அணுக்களை நஞ்சிலிருந்து காத்தன என்று 1985-ஆம் ஆண்டிலேயே ஆய்வு வெளிவந்தது. இமயமலையில் விளையும் கடுகுரோகிணியும், ஐரோப்பாவில் மருந்தாகவே விற்கப்படும் சிலிமாரின் என்ற முட்செடி விதைச் சத்தும் இதே வரிசையைச் சேர்ந்தவை. புதிய மூலிகை எதைச் சோதித்தாலும் சிலிமாரினோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஆய்வாளர்களின் வழக்கம்.

ஆனால் எலிக்குக் கிடைத்த பயன் மனிதனுக்கும் அப்படியே கிடைக்கும் என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலான சோதனைகளில் சாற்றை முன்னதாகவும் நஞ்சைப் பின்னதாகவும் கொடுக்கிறார்கள். வெள்ளம் வருமுன் கரையை உயர்த்துவது போன்றது அது. மனிதர்கள் வருவதோ கரை உடைந்த பிறகு. மேலும், எலிக்குக் கொடுக்கும் சாற்றின் அளவை மனித எடைக்குக் கணக்கிட்டால் வீட்டில் அரைக்கும் ஒரு பிடி இலைக்கும் அதற்கும் பொருத்தம் இருப்பதில்லை.

மனிதர்களில் கீழாநெல்லியைச் சோதித்த ஆய்வுகளில் மிகவும் பேசப்பட்டது சென்னையில் நடந்ததுதான். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைடிஸ்-பி நுண்ணுயிரைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி பாரூக் பிளம்பெர்க்கும் மற்றவர்களும் இதை நடத்தினார்கள். அந்நுண்ணுயிரை உடலில் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு நுண்ணுயிரின் அடையாளம் இரத்தத்திலிருந்து மறைந்தது. வெறும் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு மறைந்தது. 1988-ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் இம்முடிவு வெளிவந்தபோது உலகமே கீழாநெல்லியைத் திரும்பிப் பார்த்தது. பின்னர் வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அதே பயன் கிட்டவில்லை. 2011-இல் இவ்வாய்வுகளை எல்லாம் ஒன்றாக வைத்து மதிப்பிட்டவர்கள், உறுதியான சான்று இல்லை என்றே எழுதினார்கள். இது நுண்ணுயிரால் வரும் காமாலை பற்றியது. மருந்தால் வரும் கேட்டுக்கு மனிதர்களில் செய்த சோதனைகள் இதைவிடவும் குறைவு. அதற்காகக் கீழாநெல்லி வீண் என்று தள்ளிவிடுவதும் முறையன்று. தரம் ஒன்றுபோல் உள்ள பொருளைக் கொண்டு பெரிய அளவில் சோதிக்கும் பணி இன்னும் மீதம் இருக்கிறது.

காசநோயாளிகள் கவனத்துக்கு

மாத்திரையால் வரும் கல்லீரல் கேடு ஊர்ப்புறத்தில் உயிருக்கே உலை வைப்பது காசநோய் சிகிச்சையில்தான். இந்நோய்க்கு அரசு இலவசமாகத் தரும் நான்கு மருந்துகளில் ஐசோனியாசிட், ரிபாம்பிசின், பைராசினமைடு ஆகிய மூன்றும் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கக்கூடியவை. தாக்குதல் பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்தில் தெரியும். பசி அடியோடு போகும், சோற்றைக் கண்டாலே குமட்டும், வாந்தி வரும், சிறுநீர் கறுக்கும், பிறகு கண் மஞ்சளிக்கும்.

இந்நிலையில் பலர் செய்வது என்ன? மாத்திரையைத் தாமே நிறுத்திவிட்டுக் காமாலைக்கு மருந்து கொடுப்பவரிடம் போய் மூன்று வேளை கீழாநெல்லி குடிக்கிறார்கள். பத்து நாளில் மஞ்சள் குறைகிறது. குறைந்ததற்குக் காரணம் மாத்திரையை நிறுத்தியதே; பெயர் போவது பச்சிலைக்கு. நோய் ஆறிவிட்டது என்று எண்ணி மாத்திரைப் பக்கமே திரும்புவதில்லை. உள்ளே காசநோய் மீண்டும் தலையெடுத்து, மருந்துக்கு அடங்காத வகையாக மாறி, வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் தொற்றுகிறது.

மருத்துவர் செய்வதும் நிறுத்துவதுதான். ஆனால் அவர் இரத்தத்தைச் சோதித்து, கல்லீரல் தேறியபின் மருந்துகளை ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்கி, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டு அதை மாற்றிக் கொடுப்பார். ஆகவே குமட்டலும் வாந்தியும் தொடங்கிய அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று சொல்ல வேண்டும்.

இதில் ஒரு மயக்கம் வருவதுண்டு. ரிபாம்பிசின் உண்பவர்களுக்குச் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அது மருந்தின் நிறமேயன்றி காமாலை அன்று. கண்ணின் வெள்ளை விழி வெள்ளையாக இருந்து, பசியும் நன்றாக இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. இதைக் காமாலை என்று நினைத்து மாத்திரையை விட்டவர்களும் உண்டு.

மாத்திரையோடு சேர்த்துக் கீழாநெல்லியும் உண்ணலாமா என்று கேட்போர் உளர். மூலிகைச் சாறுகளில் சில, கல்லீரலில் மருந்துகளை மாற்றும் நொதிகளையே தடுக்கின்றன. நஞ்சு உண்டாவதைக் குறைப்பது போலவே மற்ற மருந்துகள் வேலை செய்யும் அளவையும் அது கூட்டவோ குறைக்கவோ செய்யும். எனவே எதை உண்டாலும் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வதே வழி. சித்த மருத்துவப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைகளில் இருவரையும் ஒரே இடத்தில் கலந்து கேட்கலாம்.

நெல் வயலில் இறங்குவோர் மேலும் ஒன்றை அறிய வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றால் பரவும் எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளிக்கும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஆகியவற்றோடு காமாலை கண்டால் அது பச்சிலைக்குக் காத்திருக்கும் நோயன்று. உரிய மருந்தை விரைவில் கொடுத்தால் குணமாகும்.

மூலிகையும் தவறினால் நஞ்சு

பச்சிலை என்றால் கெடுதல் செய்யாது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. 2020, 2021 ஆண்டுகளில் மும்பையில் சீந்தில் கொடியைத் தொடர்ந்து உண்ட சிலருக்குக் கல்லீரல் கெட்டதை மருத்துவர்கள் இதழில் எழுதினார்கள். மத்திய ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. சீந்திலை ஒத்த வேறு கொடியை உண்டிருக்கலாம் என்றது. எவர் சொல்வது சரியாக இருப்பினும், செடியைச் சரியாக இனங்காண வேண்டும் என்பது இரு தரப்புக்கும் பொது.

கீழாநெல்லியிலும் இதே சிக்கல் உண்டு. தென்னிந்தியாவில் 25 நாட்டு மருந்துக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்ற சரக்கை வாங்கிச் சோதித்த ஆய்வொன்று 2010-இல் வெளிவந்தது. நூற்றுக்கு 76 பங்கு சரக்கில் உண்மைக் கீழாநெல்லியே இருந்தது. மீதி 24 பங்கில் அதே குடும்பத்தின் வேறு ஐந்து இனச் செடிகள் இருந்தன. கடைக்காரர் கலந்தார் என்று சொல்வதற்கில்லை. வயலில் பிடுங்கியவர் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோல் தெரிந்திருக்கும்.

உண்மைக் கீழாநெல்லியின் தாவரப் பெயர் பில்லாந்தஸ் அமாரஸ். பழைய புத்தகங்களில் பில்லாந்தஸ் நிரூரி என்று எழுதியிருப்பார்கள். அப்பெயர் அமெரிக்கக் கண்டத்தில் வளரும் வேறொரு செடிக்கு உரியது. கீழாநெல்லியின் காய் வழவழப்பாக, சிறு காம்புடன் தொங்கும். தண்டு சிவந்து, காய் காம்பின்றி ஒட்டிச் சொரசொரப்பாக இருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி. இலை அடியில் குறுகி நுனியில் அகன்று ஆப்பு வடிவில் இருந்தால் மேலாநெல்லி. நாற்றங்காலிலேயே இவற்றை இனம் பிரிக்கக் கற்றுக்கொள்பவர் சரக்குக்கு நல்ல பெயர் கிடைக்கும்.

இன்னொரு தீங்கு இதைவிட மோசமானது. வரப்பில் பிடுங்கும் கீழாநெல்லியில் பக்கத்து வயலுக்குத் தெளித்த பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் படிந்திருக்கும். கல்லீரலைக் காக்க அரைத்த பச்சிலையோடு கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சும் வயிற்றுக்குள் போகிறது. பருத்தி, கத்தரி, மிளகாய் வயல்களின் ஓரத்தில் எடுத்ததை ஒருபோதும் உண்ணவோ விற்கவோ கூடாது. தனிப் பயிராக வளர்க்க வேண்டிய தேவை இதனால்தான் எழுகிறது.

பயிரிடும் முறை

வடிகால் வசதியுள்ள எந்த மண்ணிலும் கீழாநெல்லி வரும். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். லக்னோவில் உள்ள மத்திய மருந்து மற்றும் நறுமணத் தாவர ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'நவ்யகிருத்' என்ற இரகம் பயிரிட ஏற்றது. அது கிடைக்காதபோது, இனம் உறுதி செய்த செடிகளிலிருந்து தாமே விதை சேர்க்கலாம்.

ஏக்கருக்கு 400 கிராம் விதை போதும். விதை மிகவும் சிறியது. எனவே பல மடங்கு உலர்ந்த மணலுடன் கலந்து, மேட்டுப்பாத்தியில் தூவி, மேலே மெல்லிய மண் போர்வை இட்டு, பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். ஆழப் புதைத்தால் முளைக்காது. வாய்க்கால் பாய்ச்சினால் விதை ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். 15 முதல் 20 நாளில் நாற்று நடவுக்கு ஆயத்தமாகும். கோடை மழைக்குப்பின் நாற்று விட்டு ஆனி, ஆடியில் நடலாம்.

நிலத்தைப் புழுதிபட உழுது ஏக்கருக்கு 4 டன் மக்கிய தொழு உரம் இட வேண்டும். வரிசைக்கு வரிசை 15 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் இடைவெளி. இந்தக் கணக்கில் ஏக்கருக்கு 2 இலட்சத்து 70 ஆயிரம் நாற்று வேண்டும். நடவுக் கூலி இதில்தான் கடிக்கும். ஆகவே முதல் ஆண்டு பத்து சென்டுக்கு மேல் போகாதிருப்பது அறிவுடைமை. பத்து சென்டுக்கு 27 ஆயிரம் நாற்று. குடும்பத்தினரே இரண்டு மூன்று நாளில் நட்டுவிடலாம். நட்டவுடன் ஒரு தண்ணீரும் பிறகு மண்ணின் ஈரம் பார்த்தும் பாய்ச்ச வேண்டும்.

இச்செடி களையாக வளர்ந்தாலும், பயிராக வைக்கும்போது மற்றக் களைகளை எதிர்த்து நிற்பதில்லை. இரண்டு முறையாவது கைக்களை எடுக்க வேண்டும். அப்போதே மேலாநெல்லி போன்ற போலிகளையும் பிடுங்கி எறிய வேண்டும். களைக்கொல்லி, பூச்சிமருந்து இரண்டும் கூடாது.

அறுவடை 80 முதல் 100 நாளில் வரும். மருந்துச் சத்து மிகுந்திருப்பது இலையில்தான், தண்டில் குறைவு. இலை பழுத்து உதிரும்வரை விட்டால் எடை மட்டும் கிடைக்கும், சத்துக் கிடைக்காது. இலை பச்சையாக, காய் நிறைந்திருக்கும் பருவத்தில் வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, நிழலில் மெல்லியதாகப் பரப்பி, நாள்தோறும் புரட்டிக் காயவைக்க வேண்டும். வெயிலில் போட்டால் பச்சை நிறம் மங்கும். குவித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த மூலிகையில் கல்லீரலுக்கே எதிரியான பூஞ்சை நஞ்சு சேரக்கூடும். சரியாகக் காய்ந்த தண்டு வளைக்கும்போது ஒடிய வேண்டும்.

நல்ல பராமரிப்பில் ஏக்கருக்கு 7 டன் வரை பச்சைச் செடி கிடைக்கும். காய்ந்தால் பத்தில் ஒரு பங்குதான் நிற்கும். பத்து சென்டில் 70 கிலோ என்று கொள்ளலாம். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டே வியாபாரியிடம் பேச வேண்டும். பச்சை எடைக்கான விலையா, காய்ந்த எடைக்கான விலையா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளாமல் ஏமாந்தவர்கள் உண்டு.

விற்பனை உறுதியாகாமல் விதைக்கக் கூடாது. காய்கறியைப் போல் அன்றாடச் சந்தை இதற்கில்லை. சித்த மருந்து தயாரிக்கும் நிறுவனங்கள், சென்னையில் உள்ள அரசின் டாம்ப்கால் நிறுவனம், இம்ப்காப்ஸ் கூட்டுறவு மருந்துச் சாலை, விருதுநகர் போன்ற ஊர்களின் மூலிகை வியாபாரிகள் ஆகியோரிடம் எவ்வளவு வேண்டும், எந்த ஈரப்பதத்தில் வேண்டும், என்ன விலை என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நாலைந்து சிறு விவசாயிகள் ஒன்று சேர்ந்து அடுத்தடுத்து நட்டால் ஒரு வண்டிச் சரக்குச் சேரும்; தனியாளாக 70 கிலோவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிராது.

விதைக்கென விடும் செடிகளைத் தனியே குறித்து வைக்க வேண்டும். காய் முற்றியதும் வெடித்து விதை தெறித்துவிடும். ஆகையால் காய் வெளிர் மஞ்சளாகும் தருணத்தில் காலை வேளையில் செடியைப் பிடுங்கி, வெள்ளைத் துணியால் மூடிக் காயவைத்தால் விதை துணிக்குள்ளேயே சேர்ந்துவிடும். நாற்றும் இரகமும் குறித்த விவரங்களை வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலும், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மருந்து மற்றும் மணமூட்டும் பயிர்கள் துறையிலும் கேட்டு அறியலாம்.